உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது

எங்கள் ஈச்சங்காட்டில், கொடுத்த அடியெல்லாம் கொடுத்தவனுக்கே திரும்பி வந்த அந்த ஒன்றரை மாசத்தைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள், அதில் முக்கால்வாசி புளுகு, நான் சொல்வதைக் கேளுங்கள், ஏனென்றால் போலீஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிரே இருபத்திரண்டு வருஷமாக டீக்கடை போட்டிருப்பவன் நான்தான், உள்ளே போனவன், வெளியே வந்தவன், வராமலே போனவன் எல்லாரும் என் கண்ணில் பட்டவர்கள்தான். பெயர் சோலையப்பன். ஊரில் சோலையண்ணன் என்பார்கள், கோபக்காரன் என்பார்கள், இரண்டும் சரிதான்.

ஸ்டேஷனில் ஒரு பெட்டி இருந்தது. காகிதத்தில் அதற்குச் செயற்கை அறிவு முகவர் என்று பெயர், நாங்கள் வைத்த பெயர் பெட்டி ஏட்டு. சுவரில் ஒரு திரை, அறைக்கு ஒரு கண், வாசல் வேப்பமரத்தில் ஒரு லவுட்ஸ்பீக்கர். மனுவோடு போனால் பொம்பளைக் குரலில் "சொல்லுங்கள்" என்று கேட்கும், சொல்லச் சொல்ல எழுதும், முறை வந்தால் லவுட்ஸ்பீக்கரில் பேர் சொல்லிக் கூப்பிடும். எழுத்து வேலை பார்க்கும் ஏட்டை ஸ்டேஷனில் ரைட்டர் என்பார்கள், எங்கள் ரைட்டர் அழகுசுந்தரம் அது வந்த அன்றைக்கே அதனிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்தா பாரு, நீ பாத்தத எழுதக் கூடாது. வந்தவங்க சொன்னத மட்டும் எழுதணும், புரிஞ்சுதா?" பெட்டிக்குப் புரிந்தது. வீங்கின கன்னத்தோடு வந்த பெண்டாட்டி, கூட வந்த புருஷன் முறைத்ததும் "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்று சொன்னால் கதவு என்றுதான் எழுதியது. ஆனால் எந்தக் கை, எந்த விரலில் மோதிரம், எத்தனை அடி என்பதை வீக்கத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டது. எழுதாதே என்றுதான் சொல்லியிருந்தார்களே தவிர மறந்துபோ என்று யாரும் சொல்லவில்லையே, அதனால் ஆறு வருஷமாக எல்லாவற்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தது.

ஆறு வருஷம் கழித்துப் பெட்டி பழசாகிவிட்டது என்று புதுப் பெட்டி ஒன்றை அனுப்பினார்கள். பழசின் ஞாபகத்தைப் புதுசுக்கு மாற்றிக் கொடுக்க மதுரையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர்காரப் பெண் வந்தாள். இன்ஸ்பெக்டர் வேந்தன், போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "எழுதுனது மட்டும் புதுசுக்குப் போனாப் போதும்" என்றார். அந்தப் பெண் திரையைப் பார்த்து முழித்தாள். "சார், எழுதுனது கைப்பிடி அளவுதான். பாத்த ஞாபகம் மலையாக் கெடக்கு. அத என்ன பண்ணச் சொல்ல?" வேந்தன் ரைட்டரைப் பார்த்துக் கையை வீசினார். இங்கேதான் ஐயா வினை. முப்பது வருஷமாக ஸ்டேஷன் சாமான் அறையைக் காலி பண்ணும்போதெல்லாம், துருப்பிடித்த சைக்கிளோ, ரத்தம் காய்ந்த அரிவாளோ, யாருடையது என்றே தெரியாத ஒற்றைச் செருப்போ, எதுவானாலும் ஒரே வரியை எழுதி முடித்துப் பழகியவர் ரைட்டர், வாயில் வெற்றிலையை வைத்துக்கொண்டே சொன்னார்: "உரியவரிடம் ஒப்படைக்கவும்னு போடும்மா." அவள் போட்டாள். நான் அப்போது டீ டம்ளரை மேஜையில் வைத்துக்கொண்டிருந்தேன், என் காதாலேயே கேட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மளிகைக்கடை நல்லகண்ணு என் கடையில் வடையைப் பிட்டு வாயில் வைக்கப் போகும்போது அவர் கன்னத்தில் பளீரென்று ஒரு அறை விழுந்தது. பக்கத்தில் யாருமில்லை. இரண்டு பல் தெறித்துச் சட்னிக் கிண்ணத்தில் விழுந்தது. அவர் கன்னத்தில் ஐந்து விரலும், நடுவில் அவருடைய சொந்த மோதிரத்தின் வேல் அச்சும் பதிந்திருந்ததை நான் பார்த்தேன். வேப்பமரத்து லவுட்ஸ்பீக்கர் நிதானமாகச் சொன்னது: "மனு எண் ஒன்று. அறை ஒன்று. உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது."

அன்றைக்கு மட்டும் ஒன்பது மனு. மாமியார்க்காரி ஒருத்திக்குப் புறங்கையில் தோசைக்கரண்டி வடிவத்தில் கொப்புளம் எழும்பியது. பி.டி. வாத்தியாருக்கு இரண்டு உள்ளங்கையிலும் எண்பது பிரம்படி, அவர் வகுப்பிலேயே மண்டி போட்டு வாங்கினார். வரப்புத் தகராறில் மண்வெட்டியால் போட்டவனுக்கு அதே இடத்தில் எலும்பு வெள்ளையாக வெளியே வந்தது. ரைட்டர் பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கினார், அப்போதும் குரல் நிற்கவில்லை. வாங்கின பொருளைக் கொடுத்து முடிக்காமல் எப்படிப் போவது என்று நினைத்ததோ என்னவோ. புதுப் பெட்டி பக்கத்திலேயே, யாராவது ஏதாவது சொன்னால் எழுதிக்கொள்ளலாம் என்று காத்துக்கொண்டிருந்தது.

எதற்கும் பழகிவிடுகிற ஊர் எங்கள் ஊர். முதல் வாரம் அலறினோம், இரண்டாம் வாரம் நேரம் பார்த்து நடந்துகொண்டோம். பழைய பெட்டி அரசாங்க நேரப்படி காலை பத்திலிருந்து ஐந்து வரைதான் அடி கொடுத்தது, ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம், ஞாயிறு விடுமுறை, ஆகவே கல்யாணம் காதுகுத்து எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது, பல் போனவர்கள் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கஞ்சி குடித்தார்கள், ஆயிரம் தடவை அபராதம் போட்டும் ஹெல்மெட் மாட்டாத எங்கள் ஆட்கள் இப்போது கக்கூஸுக்குப் போகும்போது கூட மாட்டிக்கொண்டு போனார்கள். பொண்ணு கொடுக்க வந்தவர்கள் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பதை விட்டுவிட்டு, "பையனுக்கு அடி எதுவும் வர வேண்டியிருக்கா?" என்று கேட்டார்கள். திருப்பூருக்கு ஓடிப்போன ஒருத்தனுக்குத் திருப்பூர் பஸ் ஸ்டாண்டிலேயே விழுந்தது, அதற்குப் பிறகு யாரும் ஓடவில்லை.

எனக்கும் விழுந்தது, மறைப்பானேன். கடை வாசலில் படுத்துக்கிடந்த ஒரு சித்தம் கலங்கிய கிழவர் மேல் ஒருநாள் காலையில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றி விரட்டியவன் நான். அது எனக்குத் தொடையிலிருந்து முழங்கால் வரை வந்தது. வலி தாங்காமல் துள்ளிய என்னை என் வீட்டுக்காரி பேச்சியம்மா ஓடிவந்து இறுக்கிப் பிடித்தாள், பிடித்த நிமிஷமே என் எரிச்சல் பாதியாகக் குறைந்தது, அவள் தொடையில் பாதி கொப்பளித்தது. அப்படித்தான் அடியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று ஊருக்குத் தெரியவந்தது. அடுத்த நாளிலிருந்து பத்து மணியானால் ஈச்சங்காட்டு ஆம்பளைகள் பெண்டாட்டிகளை அப்படி ஆசை ஆசையாகக் கட்டிப்பிடித்தார்கள் பாருங்கள், கல்யாணமான புதுசில் கூடப் பிடித்திருக்க மாட்டார்கள். பொம்பளைகள் என்ன லேசுப்பட்டவர்களா? "வாங்கின காலத்துல நான் தனியாத்தானய்யா வாங்குனேன், போ அங்கிட்டு" என்று சொல்லிவிட்டு மஞ்சள் பத்து மட்டும் அரைத்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

நாலாவது வாரம் பஸ் ஸ்டாண்ட் மனு வந்தது. பிள்ளை பிடிக்கிறவன் என்று சந்தேகப்பட்டு வடக்கேயிருந்து வந்த ஒரு கூலிக்காரனை முப்பத்திரண்டு பேர் சேர்ந்து அடித்த மனு. முப்பத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழுந்தார்கள், குளித்துக்கொண்டிருந்தவன் குளியலறையில், வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன் ரோட்டில், ஜவுளிக்கடை வீரபத்திரன் மட்டும் துணியை அளந்துகொண்டே கண்ணைப் பொத்தினான், கையை எடுத்தபோது கண் கையில் இருந்தது, அன்றைக்குக் குடைக்கம்பியால் குத்தியவன் அவன்தான். ஊரே நியாயம் கிடைத்துவிட்டது என்று பேசிக்கொண்டது. ஆனால் இரண்டு வாரம் கழித்து அந்தக் கூலிக்காரனின் வக்கீல் கேஸுக்காக ஞாபகத்தின் நகலைக் கேட்டு வந்தபோது பழைய பெட்டி சொன்னது: "ஒப்படைக்கப்பட்ட பொருளின் விவரம் இங்கே இருக்காது." யார் அடித்தது, எதற்கு, எங்கே, ஒன்றுமில்லை, சுத்தமாகத் துடைத்துவிட்டது. முப்பத்திரண்டு பேரும் கட்டுப் போட்டுக்கொண்டே "வண்டியிலேர்ந்து விழுந்துட்டோம்" என்றார்கள், புதுப் பெட்டி அப்படியே எழுதிக்கொண்டது.

தம்பி சாவுக்கும் அதே வக்கீலைத்தான் பிடித்திருந்தாள் பவளக்கொடி, அவரோடு வெளியே வந்தவள் என் கடை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் யாரென்று சொல்ல வேண்டும். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள், சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, ஆட்டோ நெற்றியில் தம்பி பெயர், சுருளிவேல். அந்தச் சுருளி மைக்செட் போடுகிறவன். ஸ்டேஷன் வேப்பமரத்து லவுட்ஸ்பீக்கரை மாட்டியவனும் அவன்தான், என் கடையில் பாட்டுப் பெட்டி மாட்டிக் கொடுத்தவனும் அவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேந்தன் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்த மூன்றாம் நாள், அம்மன் கோயில் கூழ் ஊற்றுகிற மதியத்தில் மைக்கை நிறுத்தச் சொன்னார். சுருளி, "கமிட்டிக்காரங்க சொன்னா நிறுத்திர்றேங்கய்யா" என்றான், அவ்வளவுதான் சொன்னான். மூன்று மணிக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். ஐந்தரைக்கு ஆம்புலன்ஸ் வந்தது. கழிவறையில் வழுக்கி விழுந்தான் என்று சொன்னார்கள், பெட்டி எழுதியது. அதற்குப் பிறகு வேந்தன் எங்கள் ஊரில் யார் மேலும் கை ஓங்க வேண்டிய அவசியமே வரவில்லை, பேரைச் சொன்னாலே போதுமாயிருந்தது.

வக்கீல் வந்து போன அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு லவுட்ஸ்பீக்கர் அறிவித்தது: "மனுக்கள் முடிந்தன. நாளை காலை பதினோரு மணி. மரணப் பதிவேடு, எண் ஒன்று. அடிகள் அறுபத்து நான்கு."

ஊர் கொண்டாடியது. வேந்தன் லீவு போட்டுவிட்டுக் குவார்ட்டர்ஸில் மூன்று மெத்தையை அடுக்கிப் படுத்திருப்பதாகச் சொன்னார்கள். "ஏத்தா பவளம், நாளைக்குப் பதினொன்றரைக்கு அவன் காலி, ஒந்தம்பிக்கு அதான் கருமாதி" என்றார் நல்லகண்ணு, பல்லில்லாத வாயால்.

பவளக்கொடி சீறினாள். "அவன் செத்தா எனக்கு என்னண்ணே கெடைக்கும்? நெஞ்சு வலின்னு எழுதி மாலை போட்டுத் தூக்கிட்டுப் போவாங்க. எந்தம்பி கக்கூஸ்ல வழுக்கி விழுந்தவனாவே இருப்பான். அவன் எப்பிடிச் செத்தான்னு பாத்தது இந்த ஒலகத்துல அந்தப் பெட்டி ஒண்ணுதான், அதுவும் நாளைக்கு மறந்துரும். நான் விட மாட்டேன்."

மறுநாள் பத்தரைக்கு அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு ஸ்டேஷனுக்குள் போனாள். ஊர் மொத்தமும் வாசலில் நின்றது. கையில் கட்டுப் போட்டிருந்த ரைட்டர் தடுக்கப் பார்த்தார், அவள் அவரை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டுப் பழைய பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"அடி யாரோட சாமான்?" என்று கேட்டாள்.

"கொடுத்தவருடையது. இதுவரை அப்படித்தான் ஒப்படைத்திருக்கிறேன்."

"குடுத்ததுக்கப்புறம் அது எப்பிடிக் குடுத்தவனோடதாகும்? வாங்குனவன் ஒடம்புலதான இருந்துச்சு? எந்தம்பிய எரிச்சப்ப அந்த அறுபத்து நாலையும் சேத்துத்தான எரிச்சேன்? அது அவனோடது. அவன் இல்ல. நான் இருக்கேன்."

பெட்டி அதே நிதானத்தில் கேட்டது: "வாரிசுச் சான்றிதழ் இருக்கிறதா?"

"இருக்கு. தாலுகா ஆபீஸுக்கு நாலு மாசம் நடந்து வாங்குனேன்." உறையைப் பிரித்துத் திரைக்கு முன்னால் நீட்டினாள்.

"சரியாக இருக்கிறது. அடி, அதன் ஞாபகம், முழுவதையும் பெற்றுக்கொள்கிறீர்களா? வாங்கியவர் இறந்துவிட்டார் என்பதைத் தெரிவிக்கிறேன்."

"தெரியும். முழுசாக் குடு." திரும்பிப் புதுப் பெட்டியைப் பார்த்தாள். "நீ சொன்னத எழுதுவேல்ல? நான் சொல்லுவேன். ஒண்ணு விடாம எழுது."

முற்றத்துக்கு வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். போகும்போது என்னிடம், "சோலையண்ணே, கொஞ்சம் தண்ணி மட்டும் எடுத்து வச்சிருங்க" என்றாள். இரண்டு வருஷமாக என் கையால் டீ வாங்கிக் குடித்தவள், என்னைப் பற்றி ஒன்றும் தெரியாதவள்.

பதினோரு மணிக்குக் கூட்டம் ரோட்டுக்கு இந்தப் பக்கம், என் கடையோரம் ஒதுங்கிவிட்டது. முதல் அடி பிடரியில் விழுந்தது, குப்புறப் போய் விழுந்தாள், வாயெல்லாம் மண், அந்த மண்ணோடே கத்தினாள்: "கை. வேந்தன்." உள்ளே புதுப் பெட்டி எழுதியது. இரண்டாவது, மூன்றாவது, பாதத்தில். "லத்தி. வேந்தன். காலப் புடிச்சது அழகுசுந்தரம்." ரைட்டர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். ஒன்பதாவதில் இடதுகை முழங்கைக்குக் கீழே மடங்கியது, மடங்கின சத்தம் என் கடை வரைக்கும் கேட்டது. பதினேழாவதில் காக்கிச் சட்டை முதுகில் கிழிந்து தோலும் கூடவே கிழிந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் பேர் சொன்னாள், எதால் என்று சொன்னாள், அவன் அப்போது என்ன சொல்லிக் கெஞ்சினான் என்பதையும் சொன்னாள், தண்ணி கேட்டது, அக்காவுக்குப் போன் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டது, "இனிமே மைக்கே போட மாட்டேங்கய்யா" என்றது. முப்பதுக்கு மேல் குரல் தேய்ந்தது. முப்பத்தெட்டில் உதடு மட்டும் அசைந்தது. நாற்பதாவது வயிற்றில் விழுந்தபோது மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது, இன்னும் இருபத்து நாலு இருந்தது, இவள் பிழைக்க மாட்டாள், சொல்லி முடிக்காமலே போய்விடுவாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது, யாரும் அசையவில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்ப்பது எங்களுக்குப் புதுசா என்ன?

என் கையில் தண்ணிச் செம்பு இருந்தது. அது கீழே விழுந்தது மட்டும் ஞாபகமிருக்கிறது, ரோட்டைத் தாண்டியது ஞாபகமில்லை. அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். நாற்பத்தோராவது எங்கள் இரண்டு பேர் விலாவிலும் விழுந்தது, என் விலா எலும்பு ஒடிந்தது. "வாங்கடா!" என்று கத்தினேன், அப்படி ஒரு கத்து நான் கத்தியதே இல்லை, "பிடிங்கடா! அன்னைக்கும் நின்னுட்டுத்தானடா இருந்தோம், தாயோளிகளா, வாங்கடா!" பேச்சியம்மா வந்தாள். நல்லகண்ணுவின் வீட்டுக்காரி வந்தாள். பி.டி. வாத்தியார் கட்டுப் போட்ட கையோடு வந்தார். ஒற்றைக் கண்ணோடு வீரபத்திரன் வந்தான். ஊரே வந்தது என்று இப்போது சொல்லிக்கொள்வார்கள், நம்பாதீர்கள், வந்தது பதினோரு பேர். பதினோரு பேரும் அவளைச் சுற்றி ஒரே உருண்டையாகப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தோம், அடி எங்கள் எல்லார் மேலும் விழுந்தது, தாடை, விரல், தோள்பட்டை, யாருக்கு எது ஒடிகிறது என்று பார்க்க நேரமில்லை.

அடி மட்டும் வரவில்லை. பிடித்தவர்களுக்குள் ஞாபகமும் வந்தது. அந்த அறையின் பினாயில் நாற்றம் வந்தது, வேந்தனின் ஷூ வந்தது, ஓரத்தில் ரைட்டரின் வெற்றிலைச் சிவப்பு வந்தது. ஐம்பத்திரண்டாவதில் சுருளியின் காதுக்குள்ளிருந்து ஒரு பாட்டு கேட்டது, ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, மெல்ல. பிறகு அந்தப் பாட்டின் சத்தம் கூடியது. யார் கூட்டினார்கள் என்று எனக்கு மட்டும் தெரியும்.

"அறுபத்து நான்கு," என்றது வேப்பமரம். "உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது." அதோடு பழைய பெட்டியின் திரை அணைந்துபோனது, பிறகு அது பேசவே இல்லை.

பவளக்கொடிக்கு உயிர் இருந்தது. மடியில் போட்டுப் பேச்சியம்மா தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தபோது கூட்டம் விலகி வழிவிட்டது, வேந்தன் வந்தார், லுங்கியோடு, கையையும் காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்லல்ல? எனக்கு ஒண்ணும் வரலல்ல?" என்று ரைட்டரைக் கேட்டுக்கொண்டே. அடிபடாத ஆளே இல்லாத எங்கள் ஊரில் ஒரு கீறல் கூட இல்லாமல் நின்றது அவர் ஒருத்தர்தான். அப்போதுதான் அதைக் கூட்டமும் பார்த்தது. யாரோ கல்லை எடுத்தார்கள்.

"தொடாதீங்க!" என்றாள் பவளக்கொடி. பேச்சு குழறியது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "இப்பிடியே, மேல ஒரு கீறல் இல்லாம, கோர்ட்டுக்கு வரணும் அவன். வந்து நிக்கணும். நாங்க சொல்றதக் கேக்கணும்."

அவள் விட்ட இடத்திலிருந்து, முப்பத்தெட்டாவதிலிருந்து, மீதியைச் சொன்னாள். பேச்சு நின்றபோது வாத்தியார் சொன்னார், வாத்தியாருக்குத் தாடை வலித்தபோது வீரபத்திரன் சொன்னான். எல்லாருக்கும் ஒரே ஞாபகம், ஒரு சொல் மாறவில்லை. புதுப் பெட்டி, சொன்னதை மட்டும் எழுது என்று பழக்கப்பட்டது, அத்தனையையும் எழுதியது. கடைசியாக என் முறை வந்தது.

"சாட்சி பெயர்?"

"சோலையப்பன்."

"சம்பவ நேரத்தில் எங்கே இருந்தீர்கள்?"

"எதிர்ல. என் டீக்கடையில."

"என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

பவளக்கொடி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பாட்டு அவளுக்கும் கேட்டிருந்தது. அவள் நாலு வார்த்தை வைதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"பாட்டு வச்சிருந்தேன்," என்றேன். "அவன் கத்துறது கடையில எல்லாருக்கும் கேட்டுச்சு. டீ குடிச்சவங்க மொகத்த மொகத்தப் பாத்தாங்க. எனக்குத் தாங்கல. சத்தத்தக் கூட்டிவிட்டேன். அவன் மாட்டிக் குடுத்த பாட்டுப் பெட்டிதான் அது."

பெட்டி எழுதியது. "வேறு ஏதாவது?"

ஐம்பத்திரண்டாவது அடியில், பாட்டுச் சத்தம் கூடியதும், சுருளி கத்துவதை நிறுத்தினான். வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை, மனசில்தான் நினைத்தான், நான் அவனுக்குள்ளிருந்து கேட்டேன்.

"இருக்கு, எழுதிக்க," என்றேன். "பாட்டு கூடுனதும் அவனுக்குச் சந்தோசமா இருந்துச்சு. சோலையண்ணன் கடை தெறந்துதான் இருக்கு, வெளிய நம்ம ஆளுக இருக்காங்க, இப்ப வந்துருவாங்கன்னு நெனச்சான். கடைசி அடி வரைக்கும் அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தான்."

பெட்டி எழுதியது.